குளத்து டோக்கன் கம்பெனி ஆள் எடுத்த கதை

ஒரு காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் நிற்கும். மானும் அங்கேதான் வர வேண்டும், மானைத் தின்கிறவர்களும் அங்கேதான் வர வேண்டும். முன்பெல்லாம் ஒரு வாய் தண்ணீருக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள். பிறகு காலம் முன்னேறியது. தேனப்பன் என்கிற கரடி ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அவரவர் செல்போனுக்கு டோக்கன் வரும். டோக்கனில் போட்டிருக்கிற நேரத்துக்குக் குளத்துக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பலாம். புல் தின்கிறவர்களுக்குப் பகல், கறி தின்கிறவர்களுக்கு இரவு. யாரும் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை.

இந்த டோக்கன் மென்பொருளைக் கட்டிக் காத்தது இரண்டு பேர். ஒருவர் மரங்கொத்தி. எப்போது பார்த்தாலும் தட்டிக்கொண்டே இருப்பார். இன்னொருத்தி வடிவு என்கிற கீரி. குட்டி உருவம், கூர்மையான மூக்கு, எங்கே தப்பு இருந்தாலும் வளைக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு வருகிற பிடிவாதம். ஒருநாள் பக்கத்துக் காட்டுக் கம்பெனி ஒன்று மரங்கொத்தியிடம், "நீங்க கூட்டைவிட்டு வெளியிலயே வர வேண்டாம், அங்கேருந்தே வேலை பாருங்க" என்றது. அவர் போய்விட்டார். வடிவு தனியாள் ஆனாள்.

மரங்கொத்தியின் இடத்துக்கு முதலில் வந்தது ஒரு நரி. அதை நேர்காணல் செய்து எடுத்தவர் மிருகவளத்துறைத் தலைவர் மயிலேறும்பெருமாள். பெயருக்கு ஏற்ற மாதிரி மயில்தான். "உங்க பலவீனம் என்ன?" என்று அவர் கேட்டாராம். "எடுத்த வேலையை முடிக்காம எனக்குத் தூக்கமே வராது சார், அதுதான் என் பலவீனம்" என்று நரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னதாம். தலைவருக்குத் தோகை சிலிர்த்துவிட்டது. அன்றைக்கே வேலை.

சேர்ந்த நாளிலிருந்து நரி தினமும் மீட்டிங் போட்டது. மீட்டிங்கில் என்ன பேசலாம் என்பதற்கு முதல் நாளே ஒரு மீட்டிங் போட்டது. மென்பொருளில் அது கை வைத்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையில், 12 மணி என்றால் பகல் பன்னிரண்டா, இரவு பன்னிரண்டா என்பது மென்பொருளுக்கே மறந்துபோய்விட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் ஒரு முயல் குடும்பம் டோக்கனோடு குளத்துக்குப் போனது. அதே 12 மணி டோக்கனோடு ஒரு மலைப்பாம்பும் வந்திருந்தது. குடும்பத்தில் முயல் அப்பா மட்டும் வீடு திரும்பவில்லை. மலைப்பாம்பை யாரும் குறை சொல்ல முடியவில்லை. அது சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருந்தது, கேட்டவர்களுக்கு டோக்கனையும் எடுத்துக் காட்டியது.

நரி உடனே 'இச்சம்பவத்தில் நாம் கற்றவை' என்று படம் போட்டு ஓர் உரை நிகழ்த்தியது. அந்த உரையைக் காட்டியே வேறொரு காட்டில் இதைவிடப் பெரிய வேலைக்குப் போய்விட்டது.

வடிவு முயல் வீட்டுக்குப் போனாள். நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனாள். முயல் அம்மா திட்டவில்லை. "டோக்கன் இருந்துச்சேம்மா… டோக்கன் வச்சிருந்தாரே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவு வெளியே வந்து நேராகத் தேனப்பன் குகைக்குப் போனாள். மயிலேறும்பெருமாளும் அங்கேதான் இருந்தார்.

"ஐயா, 12 மணிக்கு யாருக்குமே டோக்கன் போகாதபடி இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கேன்" என்றாள். "ஆனா கோடை முத்துறதுக்குள்ள எனக்கு ஒரு ஆள் வேணும். நிஜமாவே வேலை தெரிஞ்ச ஆள். இனிமே பேச வச்சு எடுக்காதீங்க. எழுத வச்சு எடுங்க."

"பரீட்சையா?" என்றார் தேனப்பன்.

"ஆமாங்கய்யா. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், எந்த இனம்னு வேண்டாம். ஒரு எண் போதும். தாள் யார் முகத்தையும் பாக்காது. இனிக்க இனிக்கப் பேசினாலும் அதுக்குக் காது கேக்காது."

மயிலேறும்பெருமாளுக்கு அந்த வாசகம் பிடித்துப்போயிற்று. 'தாள் முகம் பார்க்காது' என்று பெரிதாக எழுதி மரத்துக்கு மரம் ஒட்டச் சொன்னார். கேள்விகளையும் தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். கடல் தாண்டி ஏதோ ஒரு பெரிய காட்டில், பெரிய பெரிய கம்பெனிகள் கேட்கிற கேள்விகளாம்.

வடிவு வினாத்தாளை வாங்கிப் பார்த்தாள். "சார், நிரலைப் பேனா பிடிச்சுத் தாள்ல எழுதணும்னு போட்டிருக்கே. கம்ப்யூட்டர் கொடுத்துடலாமே?"

"கொடுத்தா பாத்து எழுதிடுவாங்கம்மா."

"வேலையில நான் பாத்துத்தான் சார் எழுதறேன்."

"வேலை வேற, பரீட்சை வேற" என்றார் மயிலேறும்பெருமாள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

கெஞ்சிக் கூத்தாடி வடிவு கடைசிக் கேள்வியை மட்டும் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டாள். முயலுக்கும் மலைப்பாம்புக்கும் நடந்ததை நடந்தபடியே எழுதினாள். 'தப்பு எங்கே என்று எப்படித் தேடுவீர்கள்? இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள்?' என்று கேட்டாள்.

பரீட்சை நாள் வந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது என்று புதருக்கு ஒருவராக உட்கார வைத்தார்கள். கண்காணிப்பு மயிலேறும்பெருமாள். "என் தோகையில இத்தனை கண் இருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத் தெரியும், ஜாக்கிரதை" என்று தோகையை விரித்துக் காட்டினார். அந்தக் கண்களில் ஒன்றுக்கும் பார்வை கிடையாது என்பது பரீட்சை எழுத வந்த குரங்குக்குத் தெரியும். பரீட்சை பாதியில் இருக்கும்போது வானத்தில் ஒரு மேகம் வேறு வந்து நின்றது. மயிலேறும்பெருமாளால் கட்டுப்படுத்திக்கொள்ள முடியவில்லை. ஆடத் தொடங்கிவிட்டார். மேகம் கலைகிறவரை ஆடினார். குரங்கு அந்த நேரத்தில் பக்கத்துப் புதரை முழுசாக எழுதி முடித்துவிட்டது.

தவளை மட்டும் நடுவில் எழுந்து சண்டை போட்டது. வழுக்குகிற கிணற்றில் ஒரு தவளை கொஞ்சம் ஏறிக் கொஞ்சம் சறுக்கினால் எத்தனை நாளில் வெளியே வரும் என்று ஒரு கேள்வி இருந்தது. "நான் எதுக்கு சார் ஏறணும்? தண்ணி இருக்கற கிணத்தை விட்டுட்டு வெயில் காலத்துல எவன் வெளிய வருவான்?" என்று கேட்டது. வினாத்தாளைப் பற்றிப் பேசக் கூடாது என்று அதை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தாள்கள் வடிவின் வளைக்கு வந்துசேர்ந்தன. அவள் உட்கார்ந்து திருத்தினாள்.

குரங்கின் தாளில் எல்லா விடையும் பக்கத்துப் புதர்க்காரருடையதுதான். அவருடைய தேர்வு எண்ணையும் சேர்த்தே எழுதியிருந்தது. கிளி புத்தகத்தை அப்படியே ஒப்பித்திருந்தது. 'விரிவான விளக்கத்துக்கு அடுத்த பக்கத்தின் படத்தைக் காண்க' என்றுகூட எழுதியிருந்தது. அடுத்த பக்கம் வெற்றாக இருந்தது. 'ஒரு மரத்தைத் தலைகீழாக்குக' என்கிற கேள்வியில், நிரலில் தகவல்களை அடுக்கி வைக்கிற மரத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். ஒரு தாளில் விடை இருக்க வேண்டிய இடத்தில் 'செய்துவிட்டேன். வெளியே வந்து பார்க்கவும்' என்று மட்டும் இருந்தது. வடிவு வெளியே போய்ப் பார்த்தாள். பரீட்சை நடந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய நாவல் மரம், வேர் வானத்தைப் பார்க்க, தலைகீழாக நட்டுவைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் யானை என்பதைக் கண்டுபிடிக்க எண் தேவைப்படவில்லை. அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று அவளுக்கும் மயிலேறும்பெருமாளுக்கும் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. கேட்டதைச் செய்திருக்கிறாரே என்றார் அவர்.

அலுத்துப்போய்க் கடைசியில் கையில் எடுத்ததுதான் பதினேழாம் எண் தாள்.

தாள் பார்க்கச் சகிக்கவில்லை. அங்கங்கே நாலு நாலு கோடாகக் கிழிந்திருந்தது. "சுத்தம்னா என்னன்னே தெரியாத ஆள்" என்றார் மயிலேறும்பெருமாள்.

"அழுத்தி எழுதற பழக்கம் போல சார்" என்றாள் வடிவு.

மரத்தைத் தலைகீழாக்குகிற கேள்விக்கு அந்த ஆள் பாதிவரை சரியாக எழுதி, நடுவில் அடித்துவிட்டு, 'மீதி ஞாபகம் வரவில்லை. வேலையில் தேவைப்பட்டால் பார்த்து எழுதிக்கொள்வேன்' என்று போட்டிருந்தார். மயிலேறும்பெருமாள் உச்சுக்கொட்டினார். வடிவுக்கு அந்த வரி பிடித்திருந்தது. கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

'முதலில் முயலின் டோக்கனையும் பாம்பின் டோக்கனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டிலும் 12 என்றுதான் இருக்கும். பகலா இரவா என்பது இருக்காது. கடைசியாக யார் கை வைத்தார்கள் என்று பார்த்து அதைப் பழையபடி மாற்றுவேன். ஆனால் அது மட்டும் போதாது. கறி தின்கிறவர்களின் நேரம் முடிகிறது என்றால் அவர்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. குடித்து முடித்ததும் உடனே கிளம்ப மனசு வராது. கிழக்குக் கரையில் நாணலுக்குள் கொஞ்சம் படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் மான் வந்தால் மான் போயிற்று. அதனால் இரவு டோக்கன் முடிந்து வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் பகல் டோக்கனைத் தொடங்க வேண்டும். வெயில் முதுகில் பட்டால்தான் எழுந்து போவார்கள். எனக்குத் தெரியும்.'

வடிவு அதை இரண்டு முறை படித்தாள். விடியற்காலையில் குளத்துக்குப் போன சில மான்கள் திரும்பாததற்குக் காரணம் தெரியாமல் அவளும் மரங்கொத்தியும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மென்பொருளில் தப்பே இல்லை, ஆனால் மான் மட்டும் குறைந்துகொண்டிருந்தது. காரணம் இந்தக் கிழிந்த தாளில் இருந்தது. 'எனக்குத் தெரியும்' என்கிற இடத்தில் அவள் மூக்கு லேசாகத் துடித்தது. யாரோ நாணல் பக்கம் குடியிருக்கிறவர் போலிருக்கிறது, நாரையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். முழு மதிப்பெண் போட்டாள்.

பதினேழாம் எண் தேர்வு என்று அறிவித்தார்கள். யாரென்று பார்க்கக் கம்பெனி வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மயிலேறும்பெருமாள் எண்ணைச் சொல்லி அழைத்தார். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு புதர் அசைந்தது. முதலில் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒரு கை வெளியே வந்தது. பரீட்சையன்று வினாத்தாளை வாங்கிய அதே கை. அன்றைக்கு அதைப் பார்த்து, நல்ல முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாரே என்று மயிலேறும்பெருமாள் நினைத்திருந்தார். இப்போது அந்தச் சட்டைக்குள்ளிருந்து ஒரு புலி வந்தது.

அடுத்த நொடி வாசலில் யாரும் இல்லை. மரத்தில் ஏறத் தெரிந்தவர்கள் மரத்தில், பறக்கத் தெரிந்தவர்கள் வானத்தில். ஓடத் தெரிந்தவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வடிவுக்கும் ஓடத் தெரியும். கால்தான் வரவில்லை.

"மேடம், ஓடாதீங்க" என்றது புலி. குரல் கெஞ்சியது. "நீங்களாவது ஓடாதீங்க. எம் பேரு அடைக்கலம்."

"நா… நான் ஓடலையே சார்."

"எத்தனை இன்டர்வியூ போயிட்டேன் தெரியுமா மேடம்? உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. சொல்லலாம்னு வாயைத் திறக்கறேன். கேட்டவங்க அங்க இல்ல." அடைக்கலம் பெருமூச்சு விட்டார். அந்தக் காற்றிலேயே வடிவு ஒரு அடி பின்னால் போனாள். "தாள் முகம் பாக்காதுன்னு மரத்துல ஒட்டியிருந்ததைப் பாத்தேன். அன்னிக்கு ராவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்ல."

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? நீங்கதான் நல்லா… உங்களுக்குத்தான் ஒரு தொழில் இருக்கே?"

"என்ன தொழில் மேடம்? பத்துத் தரம் பாய்ஞ்சா ஒரு தரம் கிடைக்குது. ஒரு பொண்ணு பாக்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டாங்க. வேட்டையாடறார்னு எங்க மாமா சொன்னார். அது சரி, எந்தக் கம்பெனிலன்னு கேக்கறாங்க." அவருடைய மீசை தொங்கிப்போயிற்று. "படம் பிடிக்க வந்த ஒரு ஆராய்ச்சிக்காரர் என்னைப் பாத்து ஓடினப்போ லேப்டாப்பை விட்டுட்டுப் போயிட்டார். அதை வச்சு நானே உக்காந்து கத்துக்கிட்டேன்."

வடிவுக்குப் பயத்தோடு பயமாகக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. "கொஞ்சம் இருங்க சார், பெரியவங்களைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குகைக்கு ஓடினாள்.

தேனப்பன் குகையின் வாசலைப் பாறையால் அடைத்துக்கொண்டிருந்தார். மயிலேறும்பெருமாள் உள்ளே உயரமான திட்டில் உட்கார்ந்திருந்தார்.

"முடியவே முடியாது" என்றார் மயிலேறும்பெருமாள். "நம்ம கம்பெனி கலாசாரத்துக்கு அவர் ஒத்துவர மாட்டார். மானையும் புலியையும் பிரிச்சு வைக்கத்தான் நம்ம மென்பொருளே. அதைப் புலி கையில கொடுக்கறதா?"

"சார், இந்தக் காட்டுலேயே அந்தக் கேள்விக்குச் சரியா விடை எழுதினது அவர் ஒருத்தர்தான்" என்றாள் வடிவு. "முகம் பாக்க மாட்டோம்னு மரத்துக்கு மரம் ஒட்டிட்டு, இப்போ முகத்தைப் பாத்து வேண்டாம்னு சொன்னா, அப்புறம் பரீட்சை எதுக்கு? நரியையே கூப்பிட்டு உக்கார வச்சுக்கலாமே?"  நியாயம் தன் பக்கம் இருப்பது தெரிந்தும் தோற்றுப்போனால் நன்றாக இருக்குமே என்று அவள் மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது.

தேனப்பன் நிதானமாக யோசித்தார். "நியாயமெல்லாம் இருக்கட்டும். வேலை இல்லைன்னே முடிவு பண்றோம்னு வச்சுக்கோங்க. அதை அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

 மயிலேறும்பெருமாள் தோகையில் ஏதோ சிக்கு எடுத்தார். வடிவு தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ எடுத்துக்கலாம்" என்றார் தேனப்பன்.

இப்படியாக நியாயம் வென்றது. பணி நியமன உத்தரவை மயிலேறும்பெருமாள் மரத்தின் மேலிருந்தே வாசித்தார். அதில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்: பணி நேரத்தில் சக ஊழியரையோ வாடிக்கையாளரையோ உண்ணக் கூடாது. பணி நேரம் முடிந்தபின் அவரவர் விருப்பம். பின்பாதியைப் போட அவருக்கு மனசில்லைதான். ஆனால் மற்ற ஊழியர்களின் சொந்த நேரத்தில் தலையிடாத கம்பெனி, புலிக்கு மட்டும் எப்படித் தனிச் சட்டம் போடும்? அடைக்கலம் சந்தோஷமாகக் கால் வைத்து ஒப்புதல் கொடுத்தார். உத்தரவு நாலு கோடாகக் கிழிந்தது.

முதல் நாள் மான் கூட்டத்துக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஆறு மணிக்கு அலுவலகம் முடியும். ஆறு மணிக்குப் பிறகு அடைக்கலம் சுதந்திரப் பிராணி. அவர் கையிலோ எந்த மான் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்கிற முழு விவரமும் இருக்கிறது.

வடிவுக்கும் வேலை ஓடவில்லை. அடைக்கலமோ வந்த வேகத்தில் 12 மணிக் குழப்பத்தைத் தீர்த்தார். விடியற்காலை டோக்கன்களைத் தள்ளிவைத்தார். மத்தியானம் கேன்டீனில் உப்புமா போட்டார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு, ராத்திரிக்குச் சேர்த்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எல்லாப் பற்களும் இருந்தன.

ஆறு அடித்தது. அடைக்கலம் எழுந்தார். முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தார். வடிவு மேசைக்கு அடியில் வளை இருக்கிறதா என்று பார்த்தாள். அப்போது தேனப்பனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'அடைக்கலம், ஒரு சின்ன வேலை. அஞ்சு நிமிஷம்தான்.'

"அஞ்சு நிமிஷம்தானே" என்று அடைக்கலம் மறுபடி உட்கார்ந்தார்.

யானைகளுக்கு டோக்கனில் எழுத்து சிறிதாகத் தெரிகிறதாம், பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினார். எறும்புகளின் டோக்கனில் எழுத்து வெளியே போய்விட்டது. அதைச் சரிசெய்தார். ஒட்டகச்சிவிங்கி இந்தக் காட்டிலேயே கிடையாது, ஆனால் நாளைக்கு வந்தால் என்ன செய்வது என்று தேனப்பனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த ஐந்து நிமிஷம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முடிந்தது. அலுவலகம் திறக்கிற நேரம். பணி நேரம் தொடங்கிவிட்டதால் அடைக்கலம் யாரையும் சாப்பிட முடியாது. ஆறிப்போன உப்புமாவை எடுத்துச் சாப்பிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் வடிவு தானே ஒரு சின்ன வேலையோடு அவர் மேசைக்குப் போனாள். சத்தியமாக உயிர்ப் பயத்தில்தான் போனாள். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க, அஞ்சு நிமிஷம்…" என்று இழுத்தாள். மறுநாளும் போனாள். ஒரு வாரத்தில் விஷயம் மான்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மணிக்குச் சற்று முன்னால் மான் கூட்டத்தில் யாராவது ஒருவர் புகார் போடுவார். டோக்கன் பச்சை நிறத்தில் வருகிறது, புல் என்று நினைத்துக் குழந்தை செல்போனைக் கடித்துவிட்டது. டோக்கன் வந்ததும் அடிக்கிற மணி காட்டுக்குப் பொருத்தமாக இல்லை. அடைக்கலம் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துக் கொடுத்தார்.

கோடை முற்றியது. குளத்தில் ஒரு உயிரும் போகவில்லை. முயல் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நெஞ்சு பதறாமல், நேரத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தாள். வடிவு அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் அடைக்கலத்தின் கோடுகள் வெளுக்கத் தொடங்கின. தோள் உள்ளே போய் வயிறு வெளியே வந்தது. மூக்குக் கண்ணாடி வந்தது. ஒருநாள் ஒரு புள்ளிமான் அலுவலகத்துக்கே நேராக வந்து, அவர் மேசையில் முன்னங்காலை வைத்து, "என்னய்யா இது, பத்து நிமிஷமா டோக்கன் சுத்திக்கிட்டே இருக்கு? என்னதான் பண்றீங்க எல்லாரும்?" என்று கத்தியது. அதன் கழுத்து அடைக்கலத்தின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அடைக்கலம் அந்தக் கழுத்தைப் பார்க்கக்கூட இல்லை. "சாரிங்க. உங்க புகாரைப் பதிஞ்சுட்டேங்க. இன்னிக்கே பாத்துடறேங்க" என்றார். மான் முணுமுணுத்துக்கொண்டே போயிற்று.

அன்று மாலை அவர் வடிவின் மேசைக்கு வந்தார். "மேடம், சனிக்கிழமை ஒரு நாள் லீவு வேணும்."

"எதுக்கு அடைக்கலம்?" வடிவு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வீட்டுல மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. கம்பெனி வேலைன்னதும் சம்மதம்னுட்டாங்க. அப்படியே வழியில…" அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "ஒரு சின்ன வேட்டை. பாய்ஞ்சு ரொம்ப நாளாச்சு மேடம். கால் மறந்துடும் போலிருக்கு."

"சனிக்கிழமை புது வெர்ஷன் போடறோமே. அது முடியட்டும், பாத்துக்கலாம்."

"சரிங்க மேடம்" என்று அடைக்கலம் திரும்பிப் போனார்.

அவர் போன பிறகுதான் வடிவுக்கு உறைத்தது. ஒரு புலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, 'சார்' என்றுகூடச் சொல்லாமல், லீவு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் ரோமம் ஒன்றுகூடச் சிலிர்க்கவில்லை. பயம் எந்த நாளில் போயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. எழுந்துபோய், நீங்க போய்ட்டு வாங்க என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சனிக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கப்போகிற மான்களை நினைத்தாள். புது வெர்ஷனையும் நினைத்தாள். உண்மையைச் சொன்னால், இந்த இரண்டில் எதை முதலில் நினைத்தாள் என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மணி ஆறாகப்போகிறது என்று பார்த்துவிட்டு, ஒரு சின்ன வேலையை அவருக்கு அனுப்பினாள்.

மழைக்கு முன்னால் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கலைமான் வடிவைத் தேடி வந்தது. பெரிய கொம்பு, மரியாதையான பேச்சு.

"அம்மா, எங்க காட்டுல இரண்டு சிறுத்தைங்க. பொறி வச்சுப் பாத்தோம், மாட்டலை. கூண்டு கட்டினோம், அதைக் கட்டின கரடியைத்தான் காணோம். நீங்க ஏதோ வினாத்தாள் வச்சிருக்கீங்களாமே?"

வடிவு அடைக்கலத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு கையில் உப்புமாத் தட்டும் மறுகையில் விசைப்பலகையுமாக உட்கார்ந்திருந்தார். பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு பளபளப்பு வந்தது. கலைமான் இரண்டு அடி பின்வாங்கியது.

"ஏங்க" என்றார் அடைக்கலம் ஆவலோடு, "உங்க காட்டுல ஆள் எடுக்கறாங்களா? வீட்டிலேருந்தே வேலை பாக்கலாமா?"

நீதி: புலியைப் பிடிக்கப் பொறியும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். நேர்மையாக ஓர் எழுத்துத் தேர்வு வையுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதை அவரே பார்த்துக்கொள்வார்.